வவுச்சர் பார்க்காமல் எப்படிப் போடுவேன், மாமா?

கேள்வி:

ஐயா, நான் நெல்லைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தை, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தைச் சேர்ந்தவள். வயது 38, பள்ளி ஆசிரியை. இரண்டு வருஷமாக எங்கள் சபையின் உள்தணிக்கையாளராக இருக்கிறேன். செயலர் என் கணவரின் தாய்மாமா. கணவருக்கு எய்டட் பள்ளியில் வேலை கிடைக்க அலைந்து திரிந்தவர் அவர்தான். இந்த வருஷக் கணக்கில், பாரிஷ் ஹால் ரிப்பேருக்கு என்று ஒரே கடையின் இரண்டு பில்கள் இருக்கின்றன. பில் எண் 112, 113. முன்னதில் தேதி ஆகஸ்ட், பின்னதில் டிசம்பர். இரண்டும் சேர்ந்து 86,400 ரூபாய். நான்கு மாதத்தில் ஒரு கடை ஒரே ஒரு பில்தான் போடுமா? பொருளாளரிடம் கேட்டேன். "மாமாகிட்டயே கேட்டுக்கோங்க டீச்சர்" என்று நழுவிவிட்டார். மாமாவிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. மூன்று வாரத்தில் ஆண்டுக் கூட்டம். 'பயப்படாதே' என்று வேதத்தில் 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு நாள்கூட அது பலிக்கவில்லை. உண்மையைப் பேசும் தைரியம் ஒரு கிறிஸ்தவளுக்கு எங்கிருந்து வரும்? (போன வருஷமும் வவுச்சர் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். மாமா கொண்டுவந்து நீட்டினார், போட்டுவிட்டேன்.)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த 365-ஐ முடித்துவிடுவோம். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் யாருக்கும் அந்தத் தொகை வந்ததில்லை. அதுவும் வவுச்சர் பார்க்காமல் கையெழுத்தான கணக்குதான். வேதத்தில் அந்த வார்த்தை வருகிற இடங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் நடுங்கிக்கொண்டிருக்கிற ஒருவரிடம்தான் சொல்லப்படுகிறது. உங்களுக்குப் பயம் இருக்கிறது என்பதால் விசுவாசம் குறைவு என்று நான் எண்ணவில்லை. வீட்டுக்காரரின் வேலை, சொந்தம், ஊர்ப்பேச்சு எல்லாம் ஒரே ஆளின் கையில் போய் முடிச்சாக விழுந்திருக்கும்போது பயம் வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் 112-ம் 113-ம் அல்ல. அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் போட்டிருக்கிறீர்களே, அந்தக் கடைசி வரி.

உள்தணிக்கையாளர் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். 'கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் பார்வையிட்டேன், சரியாக உள்ளன' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். நாம் அதைச் சடங்காக நினைத்துக் கீழே கையெழுத்தைப் போட்டுவிடுகிறோம். ஆனால் அது சாட்சி. பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற கட்டளையை நாம் எப்போதும் அடுத்தவன்மேல் இல்லாததைச் சொல்வது என்றே படித்துவிட்டோம். பார்க்காததைப் பார்த்தேன் என்பதும் அதில் சேர்த்திதான்.

குத்திக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இதே பள்ளத்தில் விழுந்தவன் நான். ஊழியத்துக்கு வருமுன் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். 1992-இல் ஒரு உரக் கிடங்குக்கு இருப்புச் சரிபார்க்க அனுப்பினார்கள். நல்ல மழை. கிடங்குக்காரர் எதிர்த்த டீக்கடையில் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்து, ரிஜிஸ்டரை அங்கேயே பெஞ்சில் விரித்தார். யூரியா 240 மூட்டை. கிடங்கின் பூட்டைக்கூடத் தொடாமல் போட்டுவிட்டேன். அடுத்த வருஷம் இன்னொருவரோடு போனபோது உள்ளே அவ்வளவு மூட்டைக்கு இடமே இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. "போன வருஷம் நீங்கதானே சார் பார்த்தீங்க" என்று ஒரு கேள்வி வரும் என்பது போதுமாக இருந்தது.

உங்கள் நா எழாததற்கும் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மாமாவின் கோபம் மீதிப் பாதி. "போன வருஷம் நீயேதானேம்மா போட்டே?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டால் உங்களிடம் பதில் இல்லை. அதனால் அவரைப் பற்றிய உண்மைக்கு முன்னால் உங்களைப் பற்றிய உண்மை ஒன்று வரிசையில் நிற்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டால், அந்தக் கேள்விக்குப் பல் இருக்காது.

நெல்லைப் பக்கத்துச் சபைகள் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மிஷன்களில் வளர்ந்தவை. அந்த ஆராதனை முறையில் ஒரு பாவ அறிக்கை உண்டு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம், செய்யத் தகாததைச் செய்தோம் என்று சபையாக எழுந்து சொல்வது. மனப்பாடமாக ஓடும், பாதி நேரம் என்ன சொல்கிறோம் என்றே கவனிப்பதில்லை. அந்த அறிக்கை 1552-ஆம் வருஷத்து ஆங்கில ஜெபப் புத்தகத்திலிருந்து வந்தது. அதைத் தொகுத்த கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மரின் முடிவு உங்கள் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. அவர் சீர்திருத்தப் பக்கம். கத்தோலிக்கரான ராணி மேரியின் ஆட்சியில் அவரைச் சிறையில் போட்டார்கள். நண்பர்கள் எரிக்கப்பட்டதைப் பார்த்தவர். பயந்துவிட்டார். தான் போதித்ததையெல்லாம் மறுத்துப் பல தாள்களில் கையெழுத்துப் போட்டார். 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கோயிலில் நிறுத்தி, ஊர் கேட்க அதை வாயாலும் சொல்லச் சொன்னார்கள். அங்கேதான் அவர் மாற்றிப் பேசினார். உயிருக்குப் பயந்து எழுதினேன், இந்தக் கைதான் என் மனசுக்கு விரோதமாக எழுதியது, ஆகவே முதலில் இதுதான் எரியும் என்றார். கட்டையில் கட்டித் தீ வைத்தபோது வலது கையைத்தான் முதலில் நீட்டினார். அந்தக் காலத்துச் சண்டையில் எந்தப் பக்கம் எவ்வளவு சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அவர் பேச்சு 'நீங்கள் செய்தது' என்று ஆரம்பிக்காமல் 'நான் எழுதியது' என்று ஆரம்பித்தது. எனக்கு வேண்டியது அது.

உங்களை யாரும் எரிக்கப் போவதில்லை. உங்களுக்குத் தேவைப்படுகிற தைரியம் நான்கைந்து வாக்கியங்கள் அளவுதான். சரி, அந்த வாக்கியங்களைப் பார்ப்போம்.

மாமாவிடம் தனியாகப் பேசுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் வேண்டாம், அங்கே நாலு பேர் காது நீண்டிருக்கும். கல்யாண வீட்டில் வேண்டாம். போனில் வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் பில்லைப் படம் எடுத்து அனுப்பி 'இது என்ன மாமா?' என்று கேட்பது, பேசுவதைப் போல இருக்கும், ஆனால் அது பேச்சு ஆகாது. அந்தப் படம் ராத்திரிக்குள் எந்தெந்தக் குரூப்பில் சுற்றும் என்று உங்களுக்கே தெரியும். வாரநாள் ஒன்றில், சாயங்காலம், அவர் வீட்டுக்குப் போங்கள். இப்படிச் சொல்லலாம்:

"மாமா, ஒரு விஷயம். போன வருஷம் நான் வவுச்சர் எதையும் பார்க்காம கையெழுத்து போட்டுட்டேன். அது என் தப்பு. இந்த வருஷம் பார்த்துட்டுத்தான் போடணும்னு இருக்கேன். இந்த ரெண்டு பில்லு மட்டும் எனக்குப் புரியலை. நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இதுதான் கஷ்டம். நம் ஊரில் பெரியவர் எதிரே ஒரு நிமிஷ மௌனம் வந்துவிட்டால் நாமே பதறி, "இல்ல மாமா, சும்மாதான் கேட்டேன், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நம் கேள்வியை நாமே அள்ளிக்கொண்டு வந்துவிடுவோம். அந்த ஒரு நிமிஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

கவனியுங்கள், இந்தப் பேச்சில் 'திருட்டு' இல்லை, 'போலி பில்' இல்லை. காரணம், அது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது இரண்டு எண்களும் இரண்டு தேதிகளும்தான். சரக்கைக் கடனில் எடுத்துவிட்டு, பிறகு மொத்தமாக உட்கார்ந்து பில் வாங்கியிருக்கலாம். "பில்லை அப்புறம் வாங்கிக்கிடலாம்" என்பதுதானே நம் கமிட்டிகளின் வழக்கம். கடைக்காரர் ஜி.எஸ்.டி. பில்லுக்கு ஒரு புத்தகம், இதற்கு ஒரு புத்தகம் என்று வைத்திருக்கலாம். மூல பில் தொலைந்து வேறு எழுதி வாங்கியிருக்கலாம். இவை எதுவும் ஒழுங்கான வழி இல்லை, ஆனால் களவும் இல்லை. களவாகவும் இருக்கலாம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்வதற்கு மேல் உண்மை உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதிகமாகச் சொன்னால், நாளைக்குச் சிமெண்ட் ஹாலிலேயே இருக்கிறது என்று தெரியும்போது நீங்கள் நிற்க இடம் இருக்காது. போகுமுன் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். என்ன ரிப்பேர் நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதும் தணிக்கைதான். நான் அன்றைக்குச் செய்யாதது அது.

அவர் என்ன சொல்வார்? விவரம் சொல்லி, கடைக்காரரிடம் எழுதி வாங்கித் தருகிறேன் என்றால் நல்லது, அத்தோடு முடிந்தது. "நம்ம வீட்டுப் பிள்ளையே என்னை நம்பலைன்னா..." என்று இழுத்தால் கொஞ்சம் சிரமம். கோபத்தைத் தாங்கிவிடலாம், இந்த வருத்தக் குரலைத் தாங்குவது கடினம். அதற்கு ஒரு பதில் வேதத்திலேயே இருக்கிறது, மேடையில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்கு என்று பவுல் பல சபைகளில் காணிக்கை சேர்த்தாரே, அந்தப் பணத்தை அவர் தனியாகக் கையாளவில்லை. தன் உடன் ஊழியரான தீத்துவையும், சபைகள் தெரிந்துகொண்ட வேறொரு சகோதரனையும் கூட வைத்துக்கொண்டார். ஏன் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார்: இந்தப் பணத்தின் விஷயத்தில் ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று. பவுலையே நம்பாமல் யாரை நம்புவது? அவரே சாட்சி வைத்துக்கொண்டார். ஆகவே மாமாவிடம், "உங்களை நம்புறேன் மாமா. நாளைக்கு உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான் பார்க்கணும்ங்கறேன்" என்று சொல்லலாம். மனசில் அப்படி இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதுவும் ஒரு பொய்.

மூன்றாவது, கோபம். "எவன் சொல்லிக் கொடுத்தான்? நீயும் அந்த அணியா?" என்று கேட்கலாம். திருமண்டலத் தேர்தல் (பேராயரின் கீழ் உள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல்) பக்கத்தில் இருந்தால் இதைக் கண்டிப்பாக எதிர்பாருங்கள். நம் சபைகளில் ஒரு கேள்விக்கு விலையே இல்லை, கேட்டவர் எந்த அணி என்பதற்குத்தான் விலை. இது புதுசும் இல்லை. யோவான் 7-இல் யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தார் இயேசுவைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரான நிக்கோதேமு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: ஒருவன் சொல்வதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல நம் சட்டம் இடம் கொடுக்கிறதா? வெறும் நடைமுறைக் கேள்வி. இயேசு நல்லவர் என்றுகூட அவர் சொல்லவில்லை. பதில் என்ன வந்தது? "நீரும் கலிலேயனோ?" இயேசு கலிலேயாக்காரர், நீரும் அவர் ஆளா என்று அர்த்தம். அவ்வளவுதான். கேள்விக்குப் பதில் இல்லை, ஆளுக்கு முத்திரை. பிரசங்கங்களில் நிக்கோதேமுவை இயேசுவைப் பார்க்க ராத்திரியில் வந்த கோழை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். கமிட்டியில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பது எவ்வளவு பாரம் என்று கமிட்டியில் இருந்தவனுக்குத்தான் தெரியும். கடைசியில் சீஷர்கள் ஓடிப்போன பிறகு, நூறு இராத்தல் சுகந்த வர்க்கம் எடுத்துக்கொண்டு அடக்கத்துக்கு வந்தவரும் அவர்தான்.

இப்போதே போடு என்று நெருக்கினால், "நாளைக்குச் சொல்றேன் மாமா" என்று எழுந்து வந்துவிடலாம். 1521 ஏப்ரலில் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால், ரோமச் சபையின் போக்கை எதிர்த்து எழுதிய மார்ட்டின் லூத்தரை நிறுத்தி, நீ எழுதியதை மறுக்கிறாயா என்று கேட்டபோது அவர் உடனே முழங்கிவிடவில்லை. யோசிக்க நேரம் கேட்டார். ஒரு நாள் கொடுத்தார்கள். மறுநாள்தான் மறுக்க முடியாது என்றார்.

விவரம் கிடைக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முன்னால் போடுவது, போடாமல் இருப்பது என்று இரண்டு வழிதான் இருப்பதாக நினைத்துத் தவிக்கிறீர்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு, தணிக்கையாளர்கள் தினமும் செய்வது: குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுவது. 'பில் எண் 112, 113 (மொத்தம் ரூ.86,400) தொடர்பான விவரம் எனக்குக் கிடைக்கவில்லை. இவை நீங்கலாக மற்ற வவுச்சர்களைப் பார்வையிட்டேன்' என்று இரண்டே வரி. அதில் ஒருவர்மேலும் பழி இல்லை, ஒரு சொல் பொய்யும் இல்லை. ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, சேகர குருவிடம் நேரில் கொடுங்கள். அதற்குப் பிறகு அது கமிட்டியின் வேலை. கமிட்டி அதைக் கண்டும் காணாமல் விடலாம். அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன், பூசி மெழுகிச் சொல்ல விரும்பவில்லை. ஆனாலும் உங்கள் கையெழுத்து பொய் சொல்லியிருக்காது. போன வருஷக் கையெழுத்தையும் அதே தாளில் ஒரு வரியில் சரிசெய்துவிடுங்கள்: பார்வையிடாமல் போட்டது என்று.

உங்கள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணவில்லை. மாமாவிடம் போகுமுன் அவரிடம் பேசுவது அவசியம், ஏனென்றால் விலை கொடுக்கப் போவது இரண்டு பேரும். எய்டட் பள்ளியில் கல்வித்துறை ஒப்புதல் பெற்ற நியமனம், அரசு தருகிற சம்பளம், ஒரு சபைச் செயலர் முகம் சுளித்ததற்காகப் போய்விடாது. இடமாற்றம் வரலாம். தூரத்துப் பள்ளிக்குப் பஸ் ஏற வேண்டி வரலாம். குடும்ப விசேஷத்தில் உங்களை யாரும் கூப்பிட்டுப் பேசாமல் போகலாம். இவையெல்லாம் நடக்கக் கூடியவைதான், நடக்காது என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அவர் "வேண்டாம், விடு" என்றால்? அப்போதும் குறிப்பு எழுதாமல் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அதுவும் முடியாது என்றால் அந்தப் பதவியை விட்டு விலகலாம். ஆனால் விலகுவதற்கு முன் போன வருஷக் கையெழுத்தைப் பற்றிய அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும், உங்களுக்காக இல்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. முதலில் தனியாகப் போய்ப் பேசு என்பது மத்தேயு 18-இல் உள்ள வழி. பணக் கணக்கிலும் மனஸ்தாபத்திலும் அது அருமையான வழி. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தால், அந்த வசனத்தைக் காட்டி யாரும் உங்களைத் தனியாகப் பேசித் தீர்க்கச் சொல்ல விடாதீர்கள். அது 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டிய விஷயம், மறைப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போன் செய்யலாம். குருவானவர் சமாதானம் பண்ணி வைக்கிற விஷயம் அல்ல அது.

அப்புறம், தைரியம் எங்கிருந்து வரும் என்று கேட்டீர்கள். ஜெபித்துவிட்டுப் போங்கள், கட்டாயம். ஆனால் நெஞ்சு படபடப்பு நின்ற பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். பல வருஷம் ஜெபித்தும் எனக்கு அது நின்றதில்லை. மேலே எழுதிய வாக்கியங்களைச் சமையலறையில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். நாலாவது தடவை அவ்வளவு நடுங்காது. நடுங்கினாலும் வார்த்தை வெளியே வந்துவிடும்.

வவுச்சர் ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், கோயில் அலுவலகத்திலேயே வைத்துப் பாருங்கள். பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள், கூட்டத்துக்கு முந்தின நாள் கேட்டால் மாமாவுக்குப் பதில் தேட நேரம் இருக்காது. அவருக்கும் அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும் அல்லவா?

அவர் வீட்டுக்குப் போகும்போது வழக்கமாக வாழைப்பழமோ பிஸ்கட்டோ வாங்கிப் போவீர்கள் என்றால் அன்றைக்கும் வாங்கிப் போங்கள். பேசி முடித்தபிறகு அத்தை காபி போட்டால், அவசரம் என்று கிளம்பிவிடாமல் இருந்து குடித்துவிட்டு வாருங்கள்.